வீட்டுப் பட்டறையில் முதல் கியர்: மாட்யூல் 1, 40 பல்

மினி லேத்தின் இடதுபக்க மூடியைக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் கியர்கள் வரிசையாகக் கோர்த்திருக்கும். வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும்போது, டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என்ற நீள மரைத்தண்டு எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்பவை இந்தச் சேஞ்ச் கியர்கள்தான். திரெட் போடும்போது டூல் எங்காவது போய் முட்டினால் முதலில் பல் உதிர்வதும் இவற்றில்தான். புதிதாக லேத் வாங்கியவர் கியர் வெட்டக் கிளம்புவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

இங்கே வெட்டப்போவது அப்படி ஒரு மாற்றுக் கியர். மாட்யூல் 1, 40 பல், பிரஷர் ஆங்கிள் 20 டிகிரி, பித்தளை. மாட்யூல் என்பது பல்லின் பருமனைச் சொல்லும் எண், மி.மீ. கணக்கில். பிரஷர் ஆங்கிள் என்பது பல்லின் பக்கவாட்டுச் சரிவு. ஏன் 40 பல் என்பது டிவைடிங் ஹெட்டிடம் வரும்போது தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கியர் மட்டும் போதும், வெட்டும் ஆசை இல்லை என்றால் கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைகளில் விசாரித்துப் பாருங்கள். பிளாங்க்கை, அதாவது பல் வெட்டாத வட்டத்தை, கொண்டுபோய்க் கொடுத்தால் கியர் வெட்டும் ஹாபிங் மெஷினில் சில நிமிடங்களில் வெட்டி முடித்துவிடலாம். அந்த வேகத்தோடு வீட்டுப் பட்டறை போட்டி போட முடியாது. நாமே செய்துதான் பார்ப்போமே என்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

அப்படிப் படிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டியது இது: பல் வெட்டுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. கியர் உருப்படுமா, சத்தம் போடுமா என்பது கணக்கிலும் பிளாங்க்கிலும் பிடிப்பிலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையிலும் கட்டர் சுழலக் கொஞ்சம் நேரமாகும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு லேத். மினி லேத்தோ, ஏலத்தில் எடுத்த பழைய நாலரை அடி லேத்தோ, எதுவானாலும் சரி. அப்புறம் ஒரு சிறிய மில்லிங் மெஷின். வட்டத்தைச் சமமாகப் பிரிக்க டிவைடிங் ஹெட் அல்லது ரோட்டரி டேபிள். ஒரு நல்ல வெர்னியர், மேக்னடிக் ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ், துளையைச் சரியான அளவுக்கு முடிக்க 12 மி.மீ. ரீமர், ஹை ஸ்பீட் டூல் பிட் ஒன்றிரண்டு.

டிவைடிங் ஹெட் இல்லாதவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டாம். சேஞ்ச் கியர் செட்டில் 80 பல் கியர் இருந்தால் அதையே வட்டத்தைப் பிரிக்கும் இண்டெக்ஸ் பிளேட்டாகப் பயன்படுத்தலாம். ஒரு இரும்புக் கட்டையில் துளை போட்டு அதற்குள் சுழலும் ஸ்பிண்டில் ஒன்றை வையுங்கள். அதன் ஒரு முனையில் 80 பல் கியர், மறுமுனையில் நம் பிளாங்க். கியரின் பள்ளத்தில் வந்து உட்காரும் கூர்முனை ஊசி ஒன்று, ஸ்பிண்டிலை இறுக்க ஒரு போல்ட். ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளம் நகர்த்தினால் 40. பிரிக்கும் கியர் வெட்டும் கியரைவிடப் பெரியதாக இருந்தால் நமக்கு லாபம். 80 மி.மீ. வட்டத்தில் இருக்கும் பிழை 40 மி.மீ. வட்டத்துக்கு வரும்போது பாதியாகிவிடும். அதனால் சிறிய கியரை வைத்துப் பெரிய கியரைப் பிரிக்காதீர்கள்.

பித்தளைத் தடி, கட்டரை மாட்டும் பழைய ஆர்பர், கட்டர் போன்றவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கோவையில் உக்கடம் பழைய இரும்புக் கடைகள், சென்னையில் புதுப்பேட்டை என்று ஒரு சுற்று வந்தாலே பாதிப் பட்டறை தேறிவிடும். ஆனால் கட்டரின் நுனி மழுங்கியிருக்கிறதா என்று நகத்தில் உரசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. சுழலும் மெஷினுக்கு முன்னால் கையுறை கூடாது, லுங்கி கூடாது, தோளில் துண்டு கூடாது, கழுத்தில் செயின் கூடாது. துப்பட்டாவையும் பின்னலையும் கட்டி முடிந்துகொள்ளுங்கள். சக் சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டாம். கண்ணாடி கட்டாயம். பித்தளைத் துகள் ஊசி போல மெல்லியது, கண்ணிலோ விரலிலோ ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு. வீட்டில் ஹவாய் செருப்போடு நிற்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழைய கியரிடம் கேட்க வேண்டியவை

கணக்கு எளிது. பல் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி மாட்யூலால் பெருக்கினால் வெளி விட்டம். நம் கியருக்கு 1 × (40 + 2) = 42 மி.மீ. பல்லும் பல்லும் உருளும் பிட்ச் வட்டத்தின் விட்டம் 1 × 40 = 40 மி.மீ. பல்லின் மொத்த ஆழம் மாட்யூலைப் போல 2.25 மடங்கு, அதாவது 2.25 மி.மீ. இரண்டு கியர்களின் சென்டர்களுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு பல் எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையில் பாதி, மாட்யூலால் பெருக்க வேண்டும். 40 பல்லும் 60 பல்லும் சேர்ந்தால் 50 மி.மீ.

தெரியாத கியர் கையில் வந்தால் இதையே திருப்பிப் போடுங்கள். வெளி விட்டத்தைப் பல் எண்ணிக்கை + 2-ஆல் வகுத்தால் மாட்யூல் வரும். 42-ஐ 42-ஆல் வகுத்தால் 1. ஆனால் விடை 1.27 என்று வந்தால் கவனியுங்கள். அது அங்குலக் கணக்கில் வெட்டிய கியர். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 20 பல் என்ற அளவு அது. பழைய இங்கிலாந்து மைஃபோர்ட் லேத்களின் சேஞ்ச் கியர் அப்படிப்பட்டதுதான். அதில் பிரஷர் ஆங்கிளும் 20 டிகிரி இல்லை, பதினாலரை டிகிரி.

ஆங்கிளைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். வெர்னியரால் சொல்லலாம். நான்கு பற்களைச் சேர்த்து வெர்னியர் தாடைக்குள் பிடித்து அளவெடுங்கள். பிறகு ஐந்து பற்களைச் சேர்த்து எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாட்யூல் 1-இல் 2.95 மி.மீ. என்றால் 20 டிகிரி. 3.04 என்றால் பதினாலரை. இந்த இரண்டு வகையும் ஒன்றோடொன்று சேராது. சேர்த்து ஓட்டினால் சுற்றும், ஆனால் அரைத்துக்கொண்டே சுற்றும்.

கட்டர் வாங்கும் இடத்தில் ஒரு பொறி

கியரின் பல் பக்கவாட்டில் வளைந்திருக்கும் அல்லவா, அந்த வளைவு பல் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். 12 பல் கியரில் நன்றாக வளைந்திருக்கும், 135 பல்லில் கிட்டத்தட்ட நேர்கோடு போலத் தெரியும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டர் வாங்கினால் கட்டுப்படியாகாது என்பதால் ஒரு மாட்யூலுக்கு எட்டு கட்டர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்: 12–13, 14–16, 17–20, 21–25, 26–34, 35–54, 55–134, அதற்குமேல் 135 முதல் நேர்ப்பல் ரேக் (நேரான பட்டையில் வெட்டிய பல்) வரை. முதல் கியருக்கு எட்டும் வேண்டாம். 35–54 என்ற ஒரே கட்டர் போதும். அதே கட்டரில் பிறகு 35, 45, 50 பல் கியர்களையும் வெட்டிக்கொள்ளலாம்.

பொறி எண்ணில் இருக்கிறது. அங்குலக் கட்டர்களில் 1-ஆம் எண் என்றால் 135-க்கு மேல், 8-ஆம் எண் என்றால் 12–13. மாட்யூல் கட்டர்களில் பெரும்பாலும் இது அப்படியே தலைகீழ். கடையில் ‘3-ஆம் நம்பர் கொடுங்கள்’ என்று கேட்டால் 35–54-ம் வரலாம், 17–20-ம் வரலாம். எண்ணை விட்டுவிடுங்கள். கட்டரின் பக்கவாட்டில் மாட்யூல், ஆங்கிள், பல் வரம்பு மூன்றும் பொறித்திருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கட்டர் மழுங்கினால் முன் முகத்தை மட்டும், சென்டரை நோக்கி நேராகச் சாணை பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் கல்லைக் காட்டவே கூடாது. முன் முகத்தை எத்தனை முறை தீட்டினாலும் வடிவம் மாறாதபடி பின்புறத்தைச் செதுக்கும் இந்த உத்திக்கு அமெரிக்காவின் ஜோசப் பிரௌன் 1864-இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அதே உத்திதான்.

பிளாங்க்: இங்கே அவசரப்படக் கூடாது

பிளாங்க்கின் துளையும் வெளி வட்டமும் ஒரே சென்டரில் இருக்க வேண்டும். இது பிசகினால் அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக வெட்டினாலும் கியர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் தளரும். ‘கர்ர்… கர்ர்…’ என்று சீராக விட்டுவிட்டு வரும் சத்தம் பெரும்பாலும் பல்லின் குறை அல்ல, பிளாங்க்கின் குறை.

45 மி.மீ. பித்தளைத் தடியை மூன்று தாடைச் சக்கில் பிடித்து முகத்தைச் சீவுங்கள். பித்தளைக்கு டூலின் மேல்முகம் தட்டையாக இருக்கட்டும், சரிவு வேண்டாம். டிரில்லும் அப்படியே. எஃகுக்குத் தீட்டிய டிரில்லைப் பித்தளைக்குள் விட்டால் அது தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். வெட்டும் விளிம்பை ஆயில் கல்லால் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. துளை எவ்வளவு என்பதைப் பழைய கியரிடமே அளந்துகொள்ளுங்கள். 12 மி.மீ. என்றால் 11.5 வரை டிரில் போட்டு, போரிங் டூலால் 11.8-க்குக் கொண்டுவந்து, கடைசியில் ரீமர். டிரில் வளைந்து போகும், ரீமர் அந்த வளைவின் பின்னாலேயே போகும். நடுவில் வரும் போரிங்தான் துளையை நேராக்குகிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கீ-வே (கியர் தண்டில் வழுக்காமல் இருக்கக் கீ உட்காரும் பள்ளம்) வேண்டும் என்றால் தடியைச் சக்கிலிருந்து எடுக்கும் முன்பே வெட்டிவிடலாம். ஸ்பிண்டிலைச் சுழலவிடாமல் பூட்டிவிட்டு, கீயின் அகலத்துக்குத் தீட்டிய டூலைப் படுக்கை வாக்கில் பிடித்து, டூலைத் தாங்கும் சேடிலைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் 0.05 மி.மீ. மட்டும். கை வலிக்கும், ஆனால் பள்ளம் நேராக வரும். பிறகு தடியிலிருந்து பழைய கியரின் தடிமனைவிட அரை மி.மீ. கூடுதலாக அறுத்து எடுத்து, மறுமுகத்தையும் சீவி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது மேண்ட்ரல், பிளாங்க்கை மாட்டும் தண்டு. 25 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தடி ஒன்றைச் சக்கில் பிடித்து, ஒரு படி விட்டு 12 மி.மீ.க்குக் கடையுங்கள். பிளாங்க் கையால் தள்ளினால் ஏற வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. முனையில் திரெட் போட்டு, வாஷரும் நட்டும். முனை நடுவில் சென்டர் டிரில். இப்போது மேண்ட்ரலைச் சக்கிலிருந்து கழற்றாமலேயே பிளாங்க்கை மாட்டி இறுக்கி, வெளி வட்டத்தை 42.00-க்குக் கடைந்து முடியுங்கள். ஆழத்தை இந்த வட்டத்தின் மேற்பரப்பிலிருந்துதான் அளக்கப் போகிறோம், அதனால் அளவு முக்கியம். கை தவறி 41.90 ஆகிவிட்டால் பிளாங்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். விட்டத்தில் குறைந்துபோன 0.10-இல் பாதியை ஆழத்திலும் குறைத்து 2.20 என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

இரண்டு பிளாங்க் செய்து ஒன்றாகவே மாட்டிவிடுங்கள் என்பது என் சிபாரிசு. வெட்டும் நேரம் கிட்டத்தட்ட அதேதான், கையில் ஓர் உபரிக் கியர் மிஞ்சும்.

பிடிப்பும் சென்டரும்

முடிந்தால் சக்கை மேண்ட்ரலோடு அப்படியே கழற்றி டிவைடிங் ஹெட்டில் மாட்டுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால் மேண்ட்ரலை மறுபடி பிடித்து, பிளாங்க்கின் வெளி வட்டத்தில் டயல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். முள் 0.02-க்குள் ஆட வேண்டும். ஆட்டம் அதிகமாக இருந்தால் தாடைக்கும் மேண்ட்ரலுக்கும் நடுவே மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்யலாம். பிறகு டெயில் ஸ்டாக்கை முனையில் முட்டுக் கொடுங்கள். அதன் பிறகும் ஒருமுறை டயல், மேலும் ஒருமுறை பக்கவாட்டில், மேண்ட்ரல் டேபிளுக்கு இணையாக இருக்கிறதா என்று.

கட்டரின் நடுக்கோடு மேண்ட்ரலின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். மேலே கீழே நகர்ந்திருந்தால் பற்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும், ரம்பத்தின் பல் மாதிரி. செங்குத்து மில்லில் செய்யும் முறை இது: கட்டரை ஆர்பரில் மாட்டி, பிளாங்க்கின் உச்சிக்கு மேலே கொண்டுவாருங்கள். நடுவில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கட்டரின் அடிமுகம் தாளை லேசாகக் கவ்வும்வரை இறக்குங்கள். கட்டர் சுழலக் கூடாது, கையால்தான். சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். இப்போது கட்டரைப் பக்கவாட்டில் விலக்கிவிட்டு, பிளாங்க் விட்டத்தில் பாதி + கட்டர் தடிமனில் பாதி + தாள் என்ற அளவுக்கு இறக்க வேண்டும். கட்டர் 5 மி.மீ. என்றால் 21 + 2.5 + 0.1 = 23.6 மி.மீ. இறக்கியதும் அந்த ஸ்லைடைப் பூட்டிவிடுங்கள், வேலை முடியும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

வேகம்: 50 மி.மீ. ஹை ஸ்பீட் கட்டர் பித்தளையில் நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் வெட்டலாம், அதாவது சுமார் 250 சுற்று. எம்.எஸ். என்றால் அதில் பாதி, ஆயிலும் வேண்டும். பித்தளைக்கு ஆயில் தேவையில்லை. சின்ன மெஷின் அதிர்ந்தால் வேகத்தைத் தாராளமாகக் குறையுங்கள்.

எண்ணுவதில்தான் கியர்கள் சாகின்றன

டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும். ஆக, 40 பல் கியருக்கு ஒரு பல்லுக்குச் சரியாக ஒரு முழுச் சுற்று. கைப்பிடியின் ஊசி துளை பிளேட்டில் அதே துளைக்குத் திரும்பி வந்தால் போதும், துளை எண்ணும் வேலையே இல்லை. ரோட்டரி டேபிள்காரர்களுக்கும் வசதிதான்: 360-ஐ 40-ஆல் வகுத்தால் 9 டிகிரி. பிளேட் எதுவும் இல்லாமல் டேபிளின் டிகிரிக் கோட்டையே பார்த்து 0, 9, 18 என்று 351 வரை போகலாம். அந்த 40 எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். டீ வந்தாலும் போன் வந்தாலும் தாள் மறக்காது.

கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் வார்ம் கியரில் கொஞ்சம் லூஸ் இருக்கும், திசை மாறினால் அது முழுவதும் பிழையாக வந்து சேரும். துளையைத் தாண்டிவிட்டால் அப்படியே கொஞ்சம் பின்னால் இழுத்து ஊசியைப் போடக் கூடாது. அரைச் சுற்றாவது பின்னால் போய் மறுபடி முன்னே வர வேண்டும். சுற்றும்போது ஸ்பிண்டில் பூட்டைத் திறப்பது, வெட்டும்போது பூட்டுவது, இந்த இரண்டும் கைக்குப் பழகும்வரை வாயால் சொல்லிக்கொண்டே செய்தாலும் தப்பில்லை.

வெட்டும் முன் ஓர் ஒத்திகை உண்டு. கட்டர் பிளாங்க்கைத் தொடும் இடத்தைப் பூஜ்யமாக வைத்து, 0.1 மி.மீ. மட்டும் உள்ளே விட்டு முழு வட்டமும் போய்வாருங்கள். வெறும் கீறல்கள்தான் விழும். கடைசிக் கீறலுக்குப் பிறகு இன்னொரு சுற்று சுற்றினால் கட்டர் முதல் கீறலிலேயே சரியாக வந்து உட்கார வேண்டும். கீறல்களை எண்ணுங்கள், 40 இருக்க வேண்டும். இங்கே 39 அல்லது 41 வந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, கீறல்கள் எப்படியும் பள்ளத்தில் காணாமல் போய்விடும் அல்லது மறுபடி கொஞ்சம் கடைந்து சரிசெய்யலாம். முழு ஆழத்தில் வெட்டியபின் 41 வந்தால் அந்தப் பித்தளை எடைக்குத்தான் போகும்.

வெட்டு

உறுதியான மெஷினில் மாட்யூல் 1-ஐ ஒரே வெட்டில் முடிக்கலாம். மினி மில்லில் இரண்டாகப் பிரிப்பது நல்லது. முதல் சுற்றில் 1.9 மி.மீ., இரண்டாம் சுற்றில் மீதி. கையால் ஓட்டுவதாக இருந்தால் ஒரே சீராக ஓட்டுங்கள், நடுவில் நிற்காதீர்கள். கட்டர் பிளாங்க்கை முழுவதுமாகத் தாண்டிய பிறகே திரும்பி இழுக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் எடுத்த எடுப்பில் 40-ஐயும் வெட்டிவிட வேண்டாம். 2.20 ஆழத்தில் அடுத்தடுத்து ஆறு பள்ளம் மட்டும் வெட்டி நிறுத்துங்கள். ஆறு பள்ளத்துக்கு நடுவே ஐந்து முழுப் பற்கள் இருக்கும். பிசிரைத் தட்டிவிட்டு, அந்த ஐந்து பற்களையும் வெர்னியர் தாடைகளுக்கு நடுவே பிடித்து அளங்கள். தாடைகளைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் சாய்த்தாலும் அளவு மாறாது, இன்வால்யூட் என்ற இந்தப் பல் வளைவின் அழகே அதுதான். லூஸே இல்லாத கியருக்குக் கணக்குப்படி 13.84 மி.மீ. வர வேண்டும். ஓடும் கியருக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், அதனால் 13.75-க்கும் 13.80-க்கும் இடையில் நிறுத்துங்கள். அளவு கூடுதலாக இருந்தால், 0.1 மி.மீ. குறைய கட்டரை 0.15 மி.மீ. உள்ளே விட வேண்டும். சரியான ஆழம் கிடைத்ததும் அந்த ஸ்லைடையும் பூட்டிவிட்டு, முதல் பள்ளத்திலிருந்து மறுபடி ஆரம்பித்து முழு வட்டத்தையும் முடியுங்கள்.

பலரும் கட்டரில் பொறித்திருக்கும் ஆழத்தை அப்படியே வைத்து வெட்டிவிட்டு, கியர் இறுகுகிறது என்று தலையைச் சொறிவார்கள். டயலில் தெரியும் ஆழத்தைவிட ஐந்து பல்லின் அளவைத்தான் நான் நம்புவேன்.

பிசிர், பொருத்தம், சத்தம்

மெல்லிய அரத்தால் இரண்டு முகத்திலும் பல் விளிம்புகளை லேசாக உடைத்துவிடுங்கள். பித்தளைப் பிரஷால் ஒரு தேய். பல்லின் பக்கவாட்டில் அரம் படவே கூடாது. லேத்தில் மாட்டும்போது இரண்டு கியர்களின் பற்களுக்கு நடுவே ஒரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்து நெருக்கி, போல்ட்டை இறுக்குங்கள். கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் இடைவெளி சரி. கிரீஸ் கொஞ்சமாக, துகள் ஒட்டாத அளவுக்கு.

இனி ஒரு கருத்து வேறுபாடு. சிலர் மொத்தச் சேஞ்ச் கியர் செட்டையும் உலோகத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. டூல் முட்டும்போது பிளாஸ்டிக் பல் உடைவதால்தான் லீட் ஸ்க்ரூவும் அதைக் கவ்வும் ஹாஃப் நட்டும் தப்பிக்கின்றன. எல்லாம் உலோகமானால் அடுத்து உடையப்போவது அவற்றில் ஒன்று, அதன் விலை கியரைப் போலப் பல மடங்கு. வரிசையில் ஒரு கியரையாவது பிளாஸ்டிக்காக விடுங்கள். சொந்தமாகச் செய்யவேண்டுமானால் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் நல்லது. கத்தரிக்காய் மாதிரி வெட்டும், ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. நைலான் ஈரத்தில் ஊதும், மழைக்காலத்தில் இறுகும். துணியையோ தாளையோ பிசினில் ஊறவைத்து அடுக்கிய ஹைலம் தகடும் நன்றாக உழைக்கும், ஆனால் அதன் தூசு மூக்குக்கும் ஆகாது, மெஷின் பெட்டுக்கும் ஆகாது. முகக்கவசம் போட்டு வெட்டி, முடித்ததும் பெட்டைத் துடைத்துவிடுங்கள்.

கட்டர் கிடைக்காவிட்டால்

ஹை ஸ்பீட் டூல் பிட் ஒன்றே கட்டராகும். உடைந்த கியரில் நல்ல பல் இருக்கும் பகுதியை அச்சாக வைத்து, டூலின் முனை அந்தப் பள்ளத்துக்குள் வெளிச்சம் தெரியாமல் உட்காரும்வரை கிரைண்டரில் தீட்டுங்கள். வெட்டும் முகம் தட்டையாக, பின்புறம் எல்லாப் பக்கமும் 7, 8 டிகிரி சரிவாக. அதை ஃப்ளை கட்டர் ஆர்பரில் மாட்டினால் ஒரே பல் கொண்ட கியர் கட்டர் தயார். ஒற்றைப் பல் என்பதால் மிகவும் மெதுவாக ஓட்ட வேண்டும். பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் தாராளமாகப் போதும். எஃகில் முனை சீக்கிரம் போய்விடும். டூலைத் தீட்டுவதில்தான் நேரமெல்லாம் போகும். பூதக் கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் கட்டர் காசு மிச்சம்.

அடுத்த கியர்கள்

40 முடிந்ததும் 30 பல்லுக்குப் போகலாம். அது 26–34 கட்டர். 40-ஐ 30-ஆல் வகுத்தால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். 18 துளை வட்டத்தில் ஒரு முழுச் சுற்று, கூடவே 6 துளை. ஊசி ஏற்கெனவே இருக்கும் துளையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதனால் துளைக் கணக்கைக் குறித்துவைக்கும் செக்டர் கைகளுக்கு நடுவே பார்த்தால் 7 துளைகள் தெரிய வேண்டும். புதியவர்கள் வழுக்கும் இடம் இது.

எல்லா எண்ணிக்கையும் எல்லாக் கருவியிலும் வராது. 57 பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 வரை, 21 முதல் 33 வரை, 37 முதல் 49 வரை துளை வட்டங்கள் உள்ள வழக்கமான மூன்று பிளேட் செட்டோடு 40-க்கு ஒன்று டிவைடிங் ஹெட்டில் அது வராது. ஆனால் 90-க்கு ஒன்று ரோட்டரி டேபிளில் அதே பிளேட்டின் 19 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் 11 துளையும் என்று சுலபமாக வந்துவிடும். 63 பல்லும் அப்படியே: 21 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் 9 துளையும். எதை வாங்குவது என்று யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

63 பல் எதற்கு? நம் ஊர் பைப் திரெட் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல பைப் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 திரெட். லேத்தின் லீட் ஸ்க்ரூ மில்லிமீட்டரில் இருந்தால் இரண்டையும் இணைக்க 127 பல் கியர் வேண்டும், ஏனென்றால் 5 அங்குலம் சரியாக 127 மி.மீ. மாட்யூல் 1-இல் 127 பல்லின் வெளி விட்டம் 129 மி.மீ. உங்கள் லேத்தின் மூடிக்குள் அது அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். அடங்காவிட்டால் 63 பல் கியரை 80 பல்லோடு சேர்த்தால் 1.2698 வரும். வேண்டியது 1.27. எட்டாயிரத்தில் ஒரு பங்குப் பிழை, பைப் திரெட்டுக்கு அது ஒரு பிழையே அல்ல.

127-ஐத்தான் வெட்டுவேன் என்பவர்கள் ரோட்டரி டேபிளில் ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரும் அதை ஓட்ட ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் மாட்டிக்கொள்ளலாம். 127 பகா எண், எந்தச் சாதாரணப் பிளேட்டிலும் வராது. சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டாரும் 90-க்கு ஒன்று டேபிளும் சேர்ந்தால் முழு வட்டத்துக்கு 18,000 ஸ்டெப். 127-ஆல் வகுத்தால் 141.73. புரோகிராமில் இதை 142 என்று முழுதாக்கி ஒவ்வொரு பல்லுக்கும் கூட்டிக்கொண்டே போனால் கடைசிப் பல்லில் 34 ஸ்டெப் மிஞ்சிவிடும், கிட்டத்தட்ட கால் பல். அதற்குப் பதில் பல்லின் வரிசை எண்ணை 18,000-ஆல் பெருக்கி, 127-ஆல் வகுத்து, ஒவ்வொரு தடவையும் மொத்தத்தை மட்டும் முழுதாக்குங்கள். முதல் பல்லுக்கு 142, இரண்டாவதுக்கு 283, மூன்றாவதுக்கு 425 என்று போகும். பிழை எந்தப் பல்லிலும் அரை ஸ்டெப்பைத் தாண்டாது, பிட்ச் வட்டத்தில் அது 0.011 மி.மீ. கட்டர் 55–134.